ரசமட்டத்தின் துணி வீடு

பொன்னமராவதி சுற்றுவட்டாரத்தில் சாய்ந்திருக்கிற எந்தப் பொருளும் ரசமட்டத்திடமிருந்து தப்பியது கிடையாது. டீக்கடை பெஞ்சு, பந்தி மேசை, பஸ் நிறுத்தத்து நிழற்குடை, கோயில் உண்டியல். ஒன்றையும் விட்டதில்லை. சாயங்காலத்துக்கு மேல் சாய்ந்து நடக்கிற ஆட்கள் அவர் வந்தால் அடுத்த தெருவில் போவார்கள்.

சட்டைப் பையில் சாண் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் வைத்திருப்பார். கொத்தனார்களிடம் இருக்குமே, நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம். நிற்காவிட்டால் நம் பொழுது போச்சு. டீக்கடையில் டீயைக் கையில் கொடுத்தால் குடிக்கமாட்டார். பெஞ்சில் வைப்பார். பக்கத்தில் மட்டத்தை வைப்பார். பெஞ்சுக் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகுவார். மறுபடி பார்ப்பார். எல்லாம் சரியானதும் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னய்யா டீ ஆறிக் கெடக்கு?" என்பார்.

அவர் சொந்தப் பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

குவைத்தில் இருபது வருசம் சாரம் கட்டினார். உயரமான கட்டடத்துக்கு வெளியே குழாயும் பலகையும் வைத்துக் கட்டுவார்களே, அது. கடைசியில் ஃபோர்மேன் ஆனார். அவர் பார்த்த மட்டத்தில் அங்கே பெரிய பெரிய கட்டடம் நிற்கிறதாம். நிற்கட்டும். அதே மட்டத்தால் இங்கே ஒரு குடும்பம் விழுந்தது.

அவருக்கு ஒரே தம்பி. கொத்தனார். நல்ல கை. அப்பா விட்டுப்போன வீட்டுக்குப் பக்கத்தில் தன் பங்கு இடத்தில் தன் கையாலேயே ஒரு கூடமும் ரெண்டு அறையும் கட்டினார். பால் காய்ச்சினார்கள். ரசமட்டம் அப்போது லீவில் வந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டி போட்டார். தரையில் மட்டத்தை வைத்தார்.

"டேய், கால் இஞ்சு எறக்கம்டா!"

கூடம் முழுக்கக் கேட்டது.

"அது வாட்டம்ணே. கழுவி விட்டா தண்ணி வெளிய ஓடணும்ல. அதுக்கு விட்டது."

"கோணலாக் கட்டிட்டு அதுக்கு ஒரு பேரும் வச்சிருக்கான் பாருங்க."

பந்தியில் சிரித்தார்கள். சாம்பார் ஊற்றினவன்கூடச் சிரித்தான். ஊரில் பாதி வீட்டுக்குத் தளம் போட்ட கொத்தனார் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் வாசலை ரெண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார். சுவர் என்றால் அது சுவர். தூக்குக்குண்டு விட்டாலும் ஒரு நூல் விலகாது. ரசமட்டமே மட்டத்தை வைத்துப் பார்த்தார். மட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் வாழ்க்கையில் குறை சொல்லாத ஒரே கட்டுமானம் அதுதான்.

ஏழு வருசம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. பேசாமலும் இருக்க முடியாது. ஒரே கிணறு, ஒரே மோட்டார். அதனால் நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் குட்டியானை ஓட்டுகிறவன். சின்ன சரக்கு வண்டி, எங்கள் பக்கம் அதைக் குட்டியானை என்போம். அவர் சாமானும் ஏற்றுவேன், இவர் ஜல்லியும் ஏற்றுவேன். வேலை என் தலையில் விழுந்தது.

ரெண்டு பேரும் பத்தடி தூரத்தில் நிற்பார்கள். நான் நடுவில்.

"டேய், மோட்டாரு எப்பப் போடுறாங்கன்னு கேளு."

"ஆறு மணிக்குன்னு சொல்லு மாப்ள."

"காலையிலயா சாயங்காலமான்னு கேளு."

"கரண்டு எப்ப வருதோ அப்பன்னு சொல்லு."

நான் வாயே திறந்ததில்லை. ஆனால் நிற்க வேண்டும். ஒரு தடவை பாதிப் பேச்சில் ஒதுங்கப் போய்விட்டுத் திரும்பினேன். ரெண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வந்து நின்றதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

குவைத்தை முடித்துக்கொண்டு ரசமட்டம் ஊருக்கு வந்தார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டியோடு போனேன். மற்றவர்கள் டி.வி., கம்பளி, சென்ட்டு பாட்டில் என்று தள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர் மாட்டுக் கன்று நீளத்துக்கு ஒரு பை கொண்டுவந்தார். ரெண்டு பேர் தூக்கி ஏற்றினோம்.

"உள்ள என்னண்ணே?"

"வீடு."

நான் மறுபடி கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கூடாரம்டா. பன்னெண்டு பேரு படுக்கலாம். மூணு ரூமு, நடுவுல ஹாலு. அங்க லீவு நாளுன்னா அரபிக்காரன் குடும்பத்தோட பாலைவனத்துக்குப் போயிருவான். அண்ணன், தம்பி, பொண்டாட்டி, பிள்ளைக, எல்லாம் ஒரே துணிக்குக் கீழ. இருவது வருசம் வேலைக்குப் போற பஸ்ஸுல இருந்து அதைப் பாத்துக்கிட்டே போயிருக்கேன்."

பையின் மேல் ஒரு படம் இருந்தது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கூடாரத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றது. கட்டினது வேறு ஆளாக இருக்க வேண்டும்.

விராலிமலை தாண்டியதும் விசயத்துக்கு வந்தார்.

"எங்க வீட்டுல நாலு பேரு. அவன் வீட்டுல அஞ்சு. ஒம்பது பேரும் ஒரு ராத்திரி இதுக்குக் கீழ படுத்து எந்திரிக்கணும்டா. ஒரே ஒரு ராத்திரி."

"அதுக்கு வாயைத் தொறந்து தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசலாமேண்ணே."

"பேச்சா? அது எனக்கு வராது. கட்டத்தான் வரும்."

வெளியூர் போகிறதுக்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் கட்டுவோம் என்றார். விடிகிற நேரம் ஆரம்பித்தோம். அவர் கட்டளை, நான் கயிறு. துணி வெள்ளை. ஏழு மணிக்கு ஒரு மாதிரி எழுந்து நின்றது.

எங்கள் ஊரில் வாழைமரம் இல்லாமல், சீரியல் லைட் இல்லாமல், விடியற்காலையில் ஒரு வீட்டு முன்னால் துணி கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இதை ரசமட்டம் மறந்துவிட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது. கேட்டால் சொல்லியிருப்பேன்.

முதலில் பால்காரர் வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எப்பங்க?"

"இப்பத்தான். அரை மணி நேரம் இருக்கும்," என்றார் ரசமட்டம்.

"ரொம்பக் கஷ்டமாப் போச்சோ?"

"ஏன் கேக்குறீங்க. ரெண்டு ஆளு அமுக்கியும் அடங்கல."

பால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த கால் மணியில் தெரு நிறைந்துவிட்டது. நாற்காலி வந்தது. மாலை ரெண்டு வந்தது. பெண்கள் தெரு முனையிலேயே அழ ஆரம்பித்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு வந்தார்கள். பந்தல்காரர் வண்டியை நிறுத்தினதும் நேராக என்னிடம் வந்தார்.

"நான் ஒருத்தன் உள்ளூருல குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வெளியூர்ப் பந்தலா? நல்லாருங்கய்யா."

மதினி, அதாவது ரசமட்டத்தின் வீட்டுக்காரம்மா, வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். அழுதவர்கள் நிறுத்தினார்கள். ரசமட்டம் கையில் கம்போடு நின்றார். பிள்ளைகள் ரெண்டும் சன்னலில் நின்றன. இந்த வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். கூட்டம் மெதுவாகச் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பியது.

அந்தப் பக்கத்திலோ இழவு இந்தப் பக்கம் என்று நினைத்துவிட்டார்கள். கொத்தனார் சம்சாரம் தலைமுடி அவிழ ஓடிவந்தார்.

"அய்யோ, பேசாமலே போயிட்டாரே!"

பின்னாலேயே கொத்தனார். பாதி முகம் மழித்திருந்தது. மீதிப் பாதியில் சோப்பு. சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனைப் பார்த்தார். நின்றார். மூச்சு வாங்கியது. அப்புறம் என்னைத் தேடினார்.

"மாப்ள, யாரும் சாகலையான்னு கேளு."

"இல்லைன்னு சொல்லுடா."

"பெறகு எதுக்கு இம்புட்டுக் கூட்டம்னு கேளு."

"குடும்பத்தோட வெளிய போயித் தங்குறதுக்குக் கூடாரம்னு சொல்லு. அவன் வீட்டுக்கும் எடம் இருக்குன்னு சொல்லு."

"எனக்கு வீடு இருக்குன்னு சொல்லு. கால் இஞ்சு எறக்கமா."

போய்விட்டார். கூட்டம் டீ கிடைக்குமா என்று பார்த்தது. கிடைக்காது என்று தெரிந்ததும் கலைந்தது. வந்த மாலையை வீணாக்க வேண்டாமென்று மதினி சாமி படத்துக்குப் போட்டார். ரசமட்டம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியாடா? சோப்போட ஓடியாந்தான்."

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்து, ஊருக்கு வடக்கே இருக்கிற பாறை. அகலப் பாறை, ஒரு பக்கம் வேப்பமரம், மேலே நல்ல காற்று. முதலில் தன் வீட்டு நாலு பேரோடு ஒரு நாள் தங்கிப் பார்த்துவிட்டு, வசதியெல்லாம் தெரிந்த பிறகு தம்பியைக் கூப்பிடுவது திட்டம். ஆனால் மதினி ஒரு நிபந்தனை போட்டார்.

"பால் காச்சாம நான் புது வீட்டுல படுக்கமாட்டேன்."

"ஏடி, இது கூடாரம். வீடு இல்ல."

"மூணு ரூமு இருக்கு. ஹாலு இருக்கு. சன்னல் இருக்கு. நீங்கதான் ஊரெல்லாம் வீடு வீடுன்னு சொன்னீங்க."

மகள் வேறு கேட்டாள், "போன் சார்ஜ் போட எடம் இருக்காப்பா?"

எங்கள் ஜில்லாவில் மண்ணை விடப் பாறை தாராளம். முளைக்குச்சி ஒன்றுகூட இறங்கவில்லை. இரும்புக் குச்சி. அடிக்க அடிக்க முறுக்கு மாதிரி சுருண்டது. குச்சியைக் கொடுத்தவன் எங்கள் பக்கம் வந்ததில்லை போல. ரசமட்டம் யோசித்தார். ஒரு பக்கத்துக் கயிறுகளை வேப்பமரத்தில் கட்டினார். மறுபக்கத்துக் கயிறுகளை என் வண்டியின் பின்பக்கக் கொக்கியில் கட்டினார். நான் அந்த நேரம் மரத்தடியில் படுத்திருந்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் உள்ளே போய் இடம் பிடித்தார்கள். மதினி அடுப்பை வைத்தார். பானையை எடுத்தார். கோலப்பொடிகூடக் கொண்டுவந்திருந்தார். பாலை மறந்துவிட்டார்.

"டேய், ஓடிப்போயி ஒரு லிட்டர் பால் வாங்கியா," என்று உள்ளேயிருந்து ரசமட்டம் கத்தினார்.

எழுந்தேன். வண்டியை எடுத்தேன். கொஞ்சம் இழுத்தது. ஜல்லி ஏற்றிப் பழகின வண்டி, இதெல்லாம் எனக்குப் புதுசில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்னால் மரத்துக் கயிறு படபடவென்று அறுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வீடு என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. சன்னலில் மகள் முகம் தெரிந்தது. அந்தக் கூடாரத்துக்குத் தரையும் துணியே. அதனால் உள்ளே இருந்த நாலு பேரும் உட்கார்ந்த வாக்கில் கூடவே வந்தார்கள்.

முப்பதடி இருக்கும். நிறுத்திவிட்டு இறங்கினேன். மகனுக்கு முழங்கை சிராய்ப்பு. பானை நசுங்கியது. மற்றபடி எல்லாரும் முழுசாக இருந்தார்கள். கடைசியாக ரசமட்டம் தவழ்ந்து வெளியே வந்தார். அடிக்கப் போகிறார் என்று ரெண்டடி தள்ளி நின்றேன். அவர் பையில் இருந்து மட்டத்தை எடுத்தார். பாறையில் வைத்தார். குனிந்து பார்த்தார்.

"மொத எடத்துக்கு இந்த எடம் தேவலாம்டா."

மதினிக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது.

"பங்காளி இல்லாம பால் காச்சக் கெளம்புனா எந்த வீடுதான் நிக்கும்? அதான் அதுவும் கெளம்பிருச்சு."

பங்காளி என்றால் தம்பிதான். அவர் வராமல் பால் காய்ச்சுவதில்லை என்று மதினி முடிவாகச் சொல்லிவிட்டார். மறுநாள் கிணற்றடியில் என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"டேய், பால் காச்சணும். பங்காளி வேணுமாம். வருவானான்னு கேளு."

"வாட்டம்னா என்னன்னு தெரியாத ஆளு கட்டுன கூரைக்குக் கீழ நான் படுக்கமாட்டேன்னு சொல்லு."

"கோணல் கோணல்தான்னு சொல்லு."

"அப்ப அவரு மட்டத்துல அவரே படுத்துக்கிறட்டும்னு சொல்லு."

அன்றைக்கு ராத்திரி ரசமட்டம் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னார். தட்டு கோணலாக இருந்திருக்கும் என்றேன். மதினி சிரிக்கவில்லை.

காலாண்டுப் பரீட்சை லீவு வந்தது. கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் மூன்று. அவர்களுக்குச் சுவர் ஒரு கணக்கே இல்லை. ஏறி இந்தப் பக்கம் குதித்து, "பெரியப்பா, எங்களையும் கூட்டிட்டுப் போங்க," என்று நச்சரித்தார்கள். கொத்தனார் சம்சாரமும் மதினியும் கிணற்றடியில் குசுகுசுவென்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அறந்தாங்கியில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று புருசனிடம் சொல்லிவிட்டு கொத்தனார் சம்சாரம் பிள்ளைகளோடு கிளம்பினார். அறந்தாங்கியில் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் மதினியும் இருந்தார்.

கட்டுமாவடி. கடல். ஆட்கள் பஸ்ஸில், கூடாரம் என் வண்டியில்.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் வந்தாயிற்று. ரசமட்டம் எண்ணிக்கொண்டே இருந்தார். அவருக்கு வேண்டியது அந்த ஒன்பதாவது ஆள்.

கடலைப் பார்த்ததும் கடைசிப் பையன் கேட்டான், "அலை எங்க பெரியப்பா?" கட்டுமாவடிக் கடலில் அலை கிடையாது. கண்மாய் மாதிரி கிடக்கும். ரசமட்டத்துக்கு அந்தக் கடலை ரொம்பப் பிடித்துவிட்டது. கைக்கு எட்டினால் அதற்கும் மட்டம் வைத்துப் பாராட்டியிருப்பார்.

மணலில் குச்சி நிற்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீன்காரர் ஒருத்தர் வந்து, சாக்கில் மணலைக் கொட்டிக் கயிற்றைக் கட்டிப் புதைக்கச் சொன்னார். புதைத்தோம். நின்றது. நின்றதும் ஜனம் வந்தது. மீன் கூடைக்காரம்மா ஒருத்தர் வாசலில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"பிரசர் பாருங்க சாரு."

"இது ஆஸ்பத்திரி கேம்ப் இல்லம்மா."

"கண்ணாவது பாப்பீங்களா?"

அவரை அனுப்புவதற்குள் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

கூடாரத்தின் ஹாலுக்கு மேலே இருந்த கூரை ஒரு பக்கம் இறங்கித்தான் இருந்தது. தைத்தவன் அப்படித்தான் தைத்திருந்தான். ரசமட்டத்துக்கு அது பொறுக்கவில்லை. இறங்கின பக்கத்துக் கம்புகளுக்கு அடியில் என் வண்டியில் கிடந்த செங்கல்லை அடுக்கினார். வைப்பார், பார்ப்பார், இன்னொரு செங்கல் வைப்பார். குமிழி நடுவில் வந்து நின்றது.

"இப்பப் பாருடா. மேல கேரம் போர்டு வச்சு ஆடலாம்."

மீன்காரர் கூரையைப் பார்த்தார். கடலுக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்த வானத்தையும் பார்த்தார்.

"மழை வரும் போல இருக்கேண்ணே. ஒரு பக்கம் எறக்கி விடுங்க."

"குமிழி நடுவுல நிக்குதுல்ல?"

"குமிழி நிக்கும். கூரை நிக்கணுமே."

ரசமட்டம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடல்காரனுக்குக் கட்டடம் தெரியாது என்று என்னிடம் சொன்னார்.

மூன்று மணிக்குக் கொத்தனார் மாமியாருக்குப் போன் போட்டிருக்கிறார்.

"பிள்ளைக சாப்பிட்டுச்சுகளாத்தே?"

"எந்தப் பிள்ளைக மாப்பிள்ளை?"

அதோடு மதினிக்குப் போன் வந்தது. மதினிக்குப் பொய் வராது. ரெண்டாவது கேள்வியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கொத்தனார் பட்டென்று போனை வைத்தாராம். பைக்கை எடுத்துவிட்டார் என்று கொத்தனார் சம்சாரத்துக்குத் தெரிந்துபோனது. முகம் வெளுத்துவிட்டது.

"வந்தாருன்னா பிள்ளைகளை இழுத்துக்கிட்டுப் போயிருவாரு. இனிமே அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக்கூட விடமாட்டாரு."

ரசமட்டம் கேட்டுக்கொண்டு நின்றார். போய்க் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஏற்கெனவே விறைப்பாக இருந்த கயிறுகள்.

ஆறு மணி இருக்கும். மழை பிடித்தது. எட்டுப் பேரும் ஹாலில். நான் வாசலில். முதலில் நன்றாகத்தான் இருந்தது. துணியில் மழைச் சத்தம், பிள்ளைகள் கும்மாளம். அப்புறம் கூரை நடுவில் லேசாகத் தொந்தி விழுந்தது. மட்டமான கூரை. தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தொந்தி பெருத்தது. ரசமட்டம் விளக்குமாற்றால் தள்ளினார். தொந்தி மதினி பக்கம் போனது. மதினி தள்ளினார். பிள்ளைகள் பக்கம் போனது. தள்ளத் தள்ள இடம் மாறியதே தவிர வெளியே ஒரு சொட்டுப் போகவில்லை. தையல் முறுமுறுவென்றது.

"செங்கல்லை எடுத்துருவோமாண்ணே?" என்றேன்.

"மட்டம் போயிரும்டா!"

ரெண்டு கையையும் தூக்கி உள்ளங்கையால் கூரையைத் தாங்கினார். தலைக்கு மேலே நாலு குடம் தண்ணீர். பிள்ளைகள் ஐந்தும் அவர் காலைச் சுற்றி ஒண்டிக்கொண்டார்கள்.

"யாரும் பயப்படாதீங்க. நான் பிடிச்சிருக்கேன்."

அப்போதுதான் பைக் வந்து நின்றது.

கொத்தனார் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து அத்தனை தூரமும் நனைந்திருந்தார். முகத்தில் கொலைவெறி. வாசலில் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தார். அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். காலடியில் தன் பிள்ளைகள் மூன்றும். மேலே தண்ணீர்.

அவர் கண் பிள்ளைகளை விட்டுக் கூரைக்குப் போனது. கூரையிலிருந்து கம்புக்கு இறங்கியது. கம்பிலிருந்து செங்கல்லுக்கு. எவ்வளவு கோபமாக இருந்தாலும் கொத்தனார் கொத்தனார்தானே.

மழையில் அந்தப் பக்கம் சுற்றிப் போனார். காலால் ஒரு உதை. செங்கல் சிதறியது. அடுத்த கம்புக்கு இன்னொரு உதை. கூரை அந்தப் பக்கம் சாய்ந்தது. நாலு குடமும் ஒரே பாய்ச்சலாக இறங்கி அவர் தலையிலேயே விழுந்தது. உரச்சாக்கு போன இடம் தெரியவில்லை.

திரும்பி வந்து வாசலில் நின்றார். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"மாப்ள, வாட்டம்னா என்னன்னு இப்பத் தெரிஞ்சிச்சான்னு கேளு."

நான் ரசமட்டத்தைப் பார்த்தேன். 'சொல்லுடா' என்று வரும் என்று நின்றேன். வரவில்லை. அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"தெரிஞ்சிச்சுடா," என்றார் தம்பியைப் பார்த்து.

தூக்கின கையை இறக்காமலே அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. நீ கட்டுனது சரிதான். எனக்குத்தான் தெரியல."

கொத்தனார் மறுபடி என்னைப் பார்த்தார். பழக்கதோசம். எனக்கு அங்கே வேலை இல்லை. வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வருகிறேன் என்று நழுவினேன். பின்னால் கேட்டது.

"கையை எறக்குண்ணே. தண்ணிதான் போயிருச்சுல்ல."

"எறங்கலடா. மரத்துப்போச்சு."

திரும்பிப் பார்த்தேன். கொத்தனார் உள்ளே போய் அண்ணன் கையை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஒன்பது பேரும் அங்கேதான் படுத்தார்கள். நான் வண்டியில். காலையில் மதினி பால் காய்ச்சினார். பால் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது என்பார்கள். அதற்காக அடுப்பை லேசாக அந்தப் பக்கம் சாய்த்து வைப்பது வழக்கம். ராத்திரி தோற்றதுக்கு ஈடாக, விடிந்ததும் ரசமட்டம் எழுந்து அடுப்புக்கு மட்டம் வைத்திருக்கிறார். பால் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

"அறிவு இருக்காண்ணே ஒனக்கு?"

"நாலு பக்கமும் நல்லதுதானடா!"

"பால் போச்சுண்ணே!"

ரெண்டு பேரும் மூக்கோடு மூக்கு வைத்துக் கத்தினார்கள். மீன்காரர் விலக்கிவிட வந்தார். மதினி அவரைத் தடுத்துவிட்டார்.

"விடுங்க. ஏழு வருசத்துப் பாக்கி. நல்லாச் சண்ட போடட்டும்."

அதிலிருந்து எனக்குக் கிணற்றடி வேலை போய்விட்டது. நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சுவரை இடிக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான சுவரை இடிக்க ரெண்டு பேருக்குமே மனசு வரவில்லையாம். நடுவில் உடைத்து ஒரு கதவு வைத்தார்கள். கதவை எந்தப் பக்கம் திறக்கிற மாதிரி வைப்பது என்று பதினைந்து நாள் சண்டை. லீவு விட்டால் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஒன்பது பேரும் கிளம்பிவிடுவார்கள். கண்மாய்க் கரை, சவுக்குத் தோப்பு, ஒரு இடம் பாக்கி இல்லை. கட்டும்போது கொத்தனார் ஒரு பக்கம் இறக்குவார். அவர் திரும்பினதும் ரசமட்டம் ஏற்றுவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பது நான். ரெண்டு பேரும் சண்டையில் களைத்துப்போனால் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள்.

போன மாசம் ரசமட்டம் மறுபடி குவைத் போயிருக்கிறார். மகள் படிப்பு முடிகிற வரைக்கும் ஒரு வருசம் என்றார். பழைய கம்பெனிக்காரன் கூப்பிட்டானாம். அந்த ஊரில் ஏதோ சாய்ந்திருக்கும்.

நேற்றுப் போன் போட்டார். கூடாரத்தை வெயிலில் விரிக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்றார். கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். நான் களத்துக்குக் கொண்டுபோய்த் தனியாகவே கட்டினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதை அவ்வளவு சீக்கிரம் கட்ட முடியும் என்றே எனக்குத் தெரியாது. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திட்ட ஆள் இல்லை. நல்லாவே இல்லை.